பறக்கும் முன் ட்ரோனுக்குத் தெரிய வேண்டியவை

கல்யாண வீட்டில் தலைக்கு மேல் சுற்றும் ஹெலிகேமைப் பார்த்து ஆசைப்பட்டு, சொந்தமாக ஒரு கேமரா ட்ரோன் வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. பெட்டியைப் பிரித்த கையோடு மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். முதன்முதலாக ஒரு ட்ரோனைக் கிளப்ப அதைவிட மோசமான இடம் வீட்டில் கிடையாது. காரணம் கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பெட்டி.

2020இல் வந்த டிஜேஐ மினி 2 மாடலையே எடுத்துக்கொள்வோம். புதிய மாடல்களிலும் வேலை ஏறக்குறைய இதேதான். எடை 249 கிராம். இந்தியா உட்படப் பல நாடுகளில் 250 கிராமைத் தாண்டாத ட்ரோனுக்குச் சட்டம் கொஞ்சம் இளகும் என்பதால், கணக்குப் பார்த்தே அந்த எடையில் நிறுத்தியிருக்கிறார்கள். மடிந்திருக்கும் கைகளில் முன்கைகளை முதலில் விரிக்க வேண்டும், பின்கைகளை அடுத்து. கேமராவை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவசத்தைச் சுவிட்ச் போடுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். சுவிட்ச் போட்டதும் கேமரா மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஒருமுறை தலையாட்டித் தன்னைச் சோதித்துக்கொள்ளும். கவசம் மாட்டியிருந்தால், கேமராவைத் தாங்கும் அமைப்பில் உள்ள பொடி மோட்டார்கள் திமிறிப் பழுதாகும்.

பேட்டரி தூங்கிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியாது. பழுதென்று நினைத்துக் கடைக்குப் போன் போட வேண்டாம், சார்ஜரில் மாட்டினால் விழித்துக்கொள்ளும். முழுதாக ஏற்றி, ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை உள்ளே தள்ளுங்கள். அரைகுறையாக மாட்டிய பேட்டரி நடுவானில் கழன்றால் ட்ரோன் கல்லாக விழும். 31 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது, காற்றே இல்லாத இடத்தில் சீரான வேகத்தில் பறக்கவிட்டு அளந்த கணக்கு. நம் ஊர்க் காற்றில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இறக்கைகளைப் பெரும்பாலும் கம்பெனியிலேயே மாட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டும். நான்கு மோட்டார்களில் இரண்டு கடிகாரச் சுற்றிலும் இரண்டு எதிர்ச்சுற்றிலும் சுழல்கின்றன. குறுக்காக எதிரெதிரே இருப்பவை ஒரே பக்கமாகச் சுற்றும். எல்லாம் ஒரே திசையில் சுற்றினால் ட்ரோனின் உடல் எதிர்த்திசையில் பம்பரமாகிவிடும். அதனால் இறக்கையிலும் இரண்டு ரகம். அடையாளக் கோடு போட்ட இறக்கை, கோடு போட்ட மோட்டாருக்கு. மாறிப்போனால் அந்த மூலை மட்டும் காற்றை மேல்நோக்கித் தள்ளும். தரையைவிட்டு எழும்புவதற்குள் ட்ரோன் குப்புறக் கவிழும்.

செயலியை இறக்குவது, கணக்குத் தொடங்குவது, மென்பொருளைப் புதுப்பிப்பது எல்லாம் வீட்டு வைஃபையிலேயே முடியட்டும். மைதானத்தில் நின்றுகொண்டு பார்க்கிற வேலையில்லை அது.

இனி அந்தக் கம்பி. ட்ரோனின் ஜிபிஎஸ், அது எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சொல்லாது. தெரியாத ஊரில் நள்ளிரவில் பஸ்ஸைவிட்டு இறங்கியவருக்கு ஊர்ப் பெயர் தெரியும், கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாது. ட்ரோனின் நிலையும் அதுதான். திசையைச் சொல்ல உள்ளே ஒரு காந்தமானி இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அளந்து வடக்கைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அந்தப் புலம் மிகவும் பலவீனமானது, நம் பகுதியில் 40 மைக்ரோ டெஸ்லா அளவில்தான் இருக்கும். பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்த அளவீடு கோணிவிடும்.

மொட்டை மாடியில் ட்ரோனைத் தரையில் வைத்துச் சுவிட்ச் போடுங்கள். பல மாடிகளில், காந்தமானியில் குறுக்கீடு இருக்கிறது என்று திரையில் எச்சரிக்கை வரும். அப்படியே தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் எச்சரிக்கை மறைந்துவிடும். கீழே வைத்தால் மறுபடி வரும். தளத்துக்குள் ஓடும் கம்பியின் கைவரிசை இது. எச்சரிக்கையைக் கண்டதும் பலர் அங்கேயே நின்று அளவீட்டைச் சரிசெய்கிறார்கள். கெடுதலே அதில்தான். கம்பியின் புலத்தையும் சேர்த்து ‘இதுதான் வடக்கு’ என்று ட்ரோனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். மேலே போய்க் கம்பியிலிருந்து விலகியதும் அந்தப் பாடம் தப்பாகிப் போகும். காற்று கிழக்கே தள்ளுகிறது, மேற்கே நகர வேண்டும் என்று ட்ரோன் முடிவெடுக்கும். ஆனால் அது மேற்கு என்று நினைப்பது தெற்காக இருக்கும். தவறாக நகர்ந்ததைத் திருத்தப் போய் இன்னும் விலகும். வட்டம் போட்டுப் போட்டு, வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் எங்காவது மோதும்.

ஆகவே வெட்டவெளிக்குப் போங்கள். கார், பைக், இரும்புக் கதவு, மின்கம்பம் எதுவும் அருகில் வேண்டாம். சட்டைப்பையிலுள்ள சாவிக்கொத்தையும் காந்தம் வைத்த போன் உறையையும் தள்ளி வையுங்கள். செயலி கேட்டால் மட்டும், படத்தில் காட்டுகிறபடி ட்ரோனைக் கிடைமட்டமாக ஒரு சுற்று, செங்குத்தாக ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் போதும். நன்றாக இருக்கும் காந்தமானியைத் தினமும் நோண்ட வேண்டியதில்லை.

தரையிலும் கவனம் வேண்டும். புழுதியில் வைத்துக் கிளப்பினால் இறக்கைக் காற்றே மண்ணை வாரி மோட்டாருக்குள் போடும். மோட்டாருக்குள் இருப்பது வலுவான காந்தம். குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரைக் கருமணலில் காந்தம் இழுக்கும் கனிமத் துகள்கள் நிறைய. அங்கே ஒரு பலகையோ விரிப்போ இல்லாமல் ட்ரோனை இறக்கவே கூடாது.

ஜிபிஎஸ் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். நம்பிக்கையான கணிப்புக்குப் பத்துக்கு மேல் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். இரண்டு நிமிட வேலைதான். பொறுக்காமல் கிளப்பினால், புறப்பட்ட இடத்தை ட்ரோன் குறித்து வைத்திருக்காது. சிக்னல் அறுந்தாலோ பேட்டரி தீர்ந்துவரும்போதோ அது தானாகத் திரும்பி வருவது அந்த இடத்துக்குத்தான். குறிக்காத இடத்துக்கு எப்படி வரும்?

திரும்பும் உயரத்தை அமைப்பதும் உங்கள் பொறுப்பு. ட்ரோன் முதலில் அந்த உயரத்துக்கு ஏறி, பிறகு நேர்கோட்டில் வந்து, மேலிருந்து இறங்கும். மினி 2க்கு முன்பக்கத்தில் தடை உணரும் கண் கிடையாது, கீழ்ப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தென்னை 25 மீட்டர் வளரும், செல்போன் கோபுரம் 40 மீட்டர் இருக்கலாம். சுற்றிலும் இருப்பதில் உயரமானதைப் பார்த்து அதற்குமேல் 15, 20 மீட்டர் சேர்த்து அமையுங்கள். மின்கம்பி திரையில் கண்ணுக்கே தெரியாது என்பதால், கம்பி போகும் வயல்களை முதல்நாள் ஒதுக்கிவிடுவது நல்லது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2021 ட்ரோன் விதிகளின்படி, பதிவு செய்து தனி அடையாள எண் பெற்ற பிறகே ட்ரோனைப் பறக்கவிட வேண்டும். 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையிலான மைக்ரோ வகைக்கும், சம்பாத்தியத்துக்காக இல்லாதவரை தேவையில்லை. மைக்ரோ ட்ரோனில் கல்யாணத்துக்குக் காசு வாங்கிப் படமெடுத்தால் கதை வேறு. அரசின் வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருந்தால் 400 அடி, அதாவது 120 மீட்டர்வரை அனுமதி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் எழும்பவே கூடாது. கோவைக்காரர்களுக்கு ஒரு பக்கம் பீளமேடு, இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். சென்னையில் மீனம்பாக்கமும் தாம்பரமும். வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை போகலாம். துபாயிலிருந்து வரும் மாமாவிடம் வாங்கிவரச் சொல்ல நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு.

முதல் பறப்புக்கு விடிந்த கையோடு போவது நல்லது. காற்று அடங்கியிருக்கும், மைதானத்தில் ஆள் குறைவு. ஆடிக்காற்றில், அதுவும் தென்காசி, உடுமலைப் பக்கம், இந்த எடையுள்ள ட்ரோனை எடுக்கவே வேண்டாம். கீழே இலை அசையாவிட்டாலும் நூறடிக்கு மேலே காற்று வேறு மாதிரி இருக்கும். பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள். தன் எல்லைக்குள் வருவதை அது பொறுக்காது.

ரிமோட்டை முதலில் போட்டு, ட்ரோனை அடுத்துப் போடுங்கள். அணைக்கும்போது ட்ரோன் முதலில். தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, குச்சிகளைவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ட்ரோன் ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். நழுவினாலோ வட்டம் போட்டாலோ இறக்கிவிட்டு, காந்தமானியையும் செயற்கைக்கோள் எண்ணிக்கையையும் மறுபடி பாருங்கள். நின்றால், முன்னும் பின்னும் இடமும் வலமும் மெல்ல ஓட்டிப் பழகலாம். ட்ரோனின் முகம் உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலமாகும், வலம் இடமாகும். புதியவர்கள் மரத்தில் மோதுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். பேட்டரி 30 சதவீதத்துக்கு வருவதற்குள் இறக்கிவிடுங்கள். முதல் பேட்டரியில் படம் எடுக்கவே வேண்டாம், அதை முழுக்க இந்தப் பழக்கத்துக்கே செலவழியுங்கள்.