கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல்

கண்ணாடித் தொட்டியிலே மீன் வளர்க்க வேண்டுமென்னும் விருப்பம் மாணவர் பலர்க்கும் உண்டு. அறையின் ஒரு புறத்தே தொட்டி. அதனுள் பசிய கொடிகளின் இடையே வெள்ளிக் கீற்றுப்போல் ஓடித் திரியும் சிறு மீன்கள். இவற்றைக் கண்டு மகிழாதார் யாவர்? ஆயின் கடையினின்று கொணர்ந்த மீன்களுள் முதல் திங்களிலேயே மடிந்தொழிவன பல. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்பர் சிலர்; எம் கைராசி அத்தகையது என்பர் வேறு சிலர். யாமும் ஒருகால் அங்ஙனமே எண்ணியிருந்தோம். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறாகும்.

மாணவராய் விடுதியில் வாழ்ந்த நாளில் யாமும் எம் அறைத்தோழரும் பொருள்கூட்டி ஒரு தொட்டி வாங்கினோம். அன்று மாலையே மணலிட்டு, குழாய்நீர் நிரப்பி, பன்னிரண்டு மீன்களை அதனுள் விட்டோம். மூன்றாம் நாள் நீர் வெண்மையாய்க் கலங்கிற்று. ஐந்தாம் நாள் மீன்கள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலும் என்று இரைப்பொடியை இருமடங்காக இட்டோம். ஏழாம் நாட் காலையில் எட்டு மீன்கள் மிதந்தன. மறுநாள் எஞ்சியவையும் போயின. தொட்டியில் அழுக்குச் சேர்ந்ததே காரணமென்று கருதி, மணலையும் வடிகட்டியின் ஸ்பாஞ்சையும் குழாய்நீரிற் பன்முறை அலசி, புதுநீர் நிரப்பி, மீண்டும் பன்னிரண்டு மீன் கொணர்ந்தோம். அவையும் பிழைத்தில. தூய்மை செய்தும் மீன் சாவது எமக்குப் பெரும் புதிராயிருந்தது.

விலங்கியல் ஆசிரியர் ஒருவரிடம் சென்று முறையிட்டோம். அவர் மீனைப்பற்றி யாதும் வினவிற்றிலர். “தம்பி, தொட்டியில் நீர் நிரப்பி எத்தனை நாள் கழித்து மீனை விட்டீர்கள்?” என்றார். “அன்றைக்கே விட்டோம், ஐயா” என்றோம். “இரண்டாம் முறையும் அப்படித்தானா?” என்றார். எமக்கு மறுமொழி எழவில்லை.

அவர் அன்று எடுத்துரைத்ததன் சாரம் இது. மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியா உருவிலே செவுள்வழி நீரிற் கலந்துவிடுகின்றது. உண்ணாது கிடந்து அழுகும் இரையும் அம்மோனியாவையே தருகின்றது. அஃது ஆற்றிலும் ஏரியிலும் பெருநீரிற் கரைந்து பரந்துபோம். தொட்டியிலோ போக்கிடமின்றித் தங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்நஞ்சை மாற்றுவன சில பாக்டீரியாக்கள். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் கொடியதே, மீனின் குருதியிற் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துக் குருதியைப் பழுப்பு நிறமாக்கும். நைட்ரேட் அத்துணைக் கொடிதன்று. செடிகள் அதனை உணவாகக் கொள்ளும். மிகுவதை நீர்மாற்றி நீக்கலாம். இப்பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதினும் மணலிலும் ஸ்பாஞ்சிலும் படிந்து வாழ்வனவே மிகுதி. ஏனைய பாக்டீரியாக்கள் பல அரைமணிக்குள் இரட்டித்தல் கூடும்; இவையோ இரட்டிக்கப் பல மணி நேரம், சிலபோது ஒரு நாளும் கொள்ளும். எனவே புதுத் தொட்டி பக்குவமாக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். யாம் குழாய்நீரிற் கழுவியபோது, அப்பொழுதுதான் வேர்கொள்ளத் தொடங்கிய அவ்வுயிர்களை நீரிலுள்ள குளோரினாற் கொன்றொழித்தோம்.

இவ்வுண்மை உலகிற்கு எளிதிற் கிட்டியதன்று. 1850 ஆம் ஆண்டில் லண்டன் இரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன் என்பார், பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரு தொட்டியில் ஒருங்கே வைத்து, ஒன்றற்கொன்று துணையாய் அவை வாழுமாற்றை எழுதினார். செடி பிராணவாயுவைத் தரும், மீன் கரியமிலவாயுவைத் தரும், நத்தை அழுகலை உண்ணும் என்பது அவர் கொண்ட கணக்கு. அம்மோனியாவின் கதை அதன்பின்னரே விளங்கிற்று. 1877 இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இம்மாற்றம் உயிர்களின் வினையே என்று காட்டினர். 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்பார் அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்தார். தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்பது 1998 இல் வெளியாயிற்று. அவ்வினத்துட் சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவேலையையும் தாமே செய்யவல்லன என்பது 2015 இல் தெரிந்தது.

பிராணவாயு ஒன்றே போதாதோ என்பார்க்கு ஒன்று கூறுவாம். நம் நாட்டுப் பனையேறிக் கெண்டை செவுளுக்குமேல் ஓர் உறுப்புடையது. அதனால் வெளிக்காற்றையே உட்கொண்டு உயிர்க்கும். 1797 இல் அச்சான குறிப்பொன்றில், தரங்கம்பாடியிலிருந்த டேனிய அதிகாரி டால்டார்ஃப் என்பவர், இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். மரமேறும் என்பதைப் பின்வந்தோர் பெரிதும் ஐயுற்றனர். ஈரத்தரையில் நகர்ந்துசெல்லும் என்பது மெய். கடைகளில் விற்கும் ‘பைட்டர்’ மீனும் இவ்வாறே காற்றை உயிர்ப்பது. அதனாலன்றோ அதனைச் சிறு புட்டியிலடைத்து விற்கின்றனர்! மூச்சுக்கு அதற்குக் குறையில்லை. அம்மோனியாவோ அதனையும் கொல்லும்.

இனித் தொட்டி அமைக்கும் முறை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். சிறு தொட்டியே எளிது என்று கருதுவது பிழை. நீர் குறைந்தால் நஞ்சு விரைவில் மிகும். நீர் மட்டுமே 56 கிலோ நிறையாதலின், ஆடாத மேசையில் வைத்தல் வேண்டும். வெயில் நேரே படுமிடம் ஆகாது. பாசி படர்வதோடு நீரும் வெதும்பும். நம் பக்கத்துச் சமவெளியில் நீரைச் சூடாக்கும் கருவி பெரும்பாலும் வேண்டா. 24 முதல் 28 பாகை வரையுள்ள வெப்பம் இம்மீன்கட்கு ஏற்றது. நமக்கு இடர் கோடையிலேதான். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவு பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே. ஆதலின் ‘ஏர் பம்ப்’ கொண்டு இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்று இன்றியமையாதது.

ஆற்றுமணலை நன்கு அலசி இரண்டு விரற்கிடை பரப்புக. கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள கிளிஞ்சல் கரைந்து நீரின் காரநிலையை உயர்த்தும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அம்மோனியா நீரில் இருவகையாய் நிற்கும். மீனை மிக வருத்துவது அவற்றுள் ஒன்றே. 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் அக்கொடிய வகை நூற்றில் அரைப்பங்களவே இருக்கும்; பி.எச். 8 ஆயின் நூற்றில் ஐந்துக்கு மேற்படும். காரநிலை மிக்க கிணற்றுநீர் உள்ள ஊரினர் இதனை மறவற்க. குழாய்நீராயின் குளோரின் நீங்க வேண்டும். புகைப்படக்காரர் வழங்கும் ‘ஹைப்போ’ என்னும் சோடியம் தயோசல்பேட்டே கடைகளில் குளோரின் நீக்கும் மருந்துகள் பலவற்றில் உள்ளது. வாலிஸ்நேரியாவையும், நம் குளங்களில் வளரும் வேலம்பாசியையும் நட்டால் நன்று.

இனியே பொறுமை வேண்டும். மீனின்றி வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை இரைப்பொடி இட்டு வருக. அஃது அழுகி அம்மோனியா பிறக்கும். கடையில் விற்கும் துளிமருந்துகளால் இரண்டு நாட்கு ஒருமுறை நீரைச் சோதித்துக் குறித்துவைக்க. முதலில் அம்மோனியா ஏறும். பின் அஃது இறங்க நைட்ரைட் ஏறும். பின் அதுவும் இறங்கும். இரை இட்டுவந்தும் இரண்டும் அறவே காணாது நைட்ரேட் மட்டும் காணுமாயின், தொட்டி மீனை ஏற்கத்தக்கதாயிற்று. நெடுநாள் மீனுள்ள தொட்டியினின்று ஒரு ஸ்பாஞ்சைப் பெற்று இடுவார்க்கு இக்காலம் பெரிதும் சுருங்கும்.

முதற்கண் ஆறு வரிமீன்கள் போதும். கடையினர் ‘ஜீப்ரா’ என்பது இதனையே. அயல்நாட்டு மீனென்று பலர் எண்ணுவர். ஆயின் கங்கையாற்று மீன்களைப்பற்றி 1822 இல் வெளியான ஹாமில்டனின் நூலிலேயே இஃது இடம்பெற்றுளது. பொன்மீன் இத்தொட்டிக்கு ஆகாது. குளிர்நீர் விரும்புவது, மிக வளர்வது, கழிவும் மிக்கது. ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் மீனும் வேண்டா. விரலளவில் வாங்கும் அது முழங்கையளவு வளரவல்லது. அஞ்ஞான்று ஏரியிற் கொண்டுபோய் விடுவோர் பலர். அங்ஙனம் விடப்பெற்றவை பெருகி நம் நீர்நிலைகளில் வலைஞர்க்குத் தொல்லையாகியுள்ளன. வேண்டாத மீனைக் கடையிலேனும் நண்பரிடமேனும் ஒப்புவிக்கலாம், நீர்நிலையில் விடலாகாது.

வாரந்தோறும் நாலில் ஒருபங்கு நீரை மாற்றுக. ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டின் அவ்வாறு எடுத்த பழைய நீரிலேயே பிழிக. இரை, இரண்டு நிமிடத்தில் உண்டு தீர்க்குமளவே.

எம் மூன்றாம் தொட்டி முப்பத்தாறு நாள் மீனின்றி நின்றது. வெறும் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று விடுதியில் எம்மை நகையாடாதார் இலர். முப்பத்தாறாம் நாட் காலையிற் சோதனைக் குழாய் இரண்டும் நிறம் மாறாது நின்றன. மாலையில் ஆறு வரிமீன்களைக் கொணர்ந்து, பையோடு கால்மணி நேரம் நீரில் மிதக்கவைத்து, பின் விடுவித்தோம். ஏழாம் நாள் விடியுமுன் எழுந்து விளக்கேற்றி எண்ணினோம். ஆறும் இருந்தன.