325 பீட்ஸ் வேகம்... 3 நிமிட மெதுவான இசை: பியானோ கலைஞர்களை நாம் ஏன் கொண்டாடுகிறோம்?

2019 பிப்ரவரியில் திருப்பூரில் எங்கள் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப் முழுக்க ஒரே வீடியோதான் சுத்திக்கிட்டு இருந்தது. அமெரிக்காவின் சிபிஎஸ் டிவியில் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்ற போட்டி. அதில் சென்னையைச் சேர்ந்த 13 வயது லிடியன் நாதஸ்வரம் பியானோ முன்னால் உட்கார்ந்து, ஒரு இசையை நிமிடத்துக்கு 208 பீட்ஸ் வேகத்தில் வாசித்தார். அடுத்து அதே இசையை 325 பீட்ஸ் வேகத்தில் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த மாதமே போட்டியில் ஜெயித்து 10 லட்சம் டாலர் பரிசையும் வாங்கினார்.

என் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த களைப்பிலும் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். "கையி மிஷினாட்டம் ஓடுது கண்ணு" என்றார். பீஸ் ரேட்டில் வேலை செய்கிற ஒருவர் வேகத்தைப் பாராட்டினால், அது சும்மா சொல்கிற வார்த்தை இல்லை.

ஆனால் பியானோ கலைஞர்களை உலகம் கொண்டாடுவது வேகத்துக்காக மட்டுமா? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

லிடியன் வாசித்தது என்ன?

'ஃபிளைட் ஆஃப் தி பம்பிள்பீ'. வண்டின் பறத்தல் என்று சொல்லலாம். ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சகோவ், 1900-ல் மாஸ்கோவில் அரங்கேறிய 'ஜார் சல்தான்' ஓபராவுக்காக எழுதியது. கதையில் ஒரு இளவரசன் வண்டாக மாறிப் பறக்கிறான். அந்த ரீங்காரம்தான் இந்த இசை. ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்டதைப் பிறகு பியானோவுக்கு மாற்றினார்கள்.

இதில் ஒரு பீட்டுக்குள் 4 நோட் வரும். 325 பீட்ஸ் என்றால் நொடிக்கு 20 நோட்டுக்கும் மேல். காதில் தனித்தனி ஸ்வரமாக விழாது, ஒரே ரீங்காரமாகத்தான் கேட்கும்.

இது 'ரொமான்டிக்' இசையா?

ஆமாம். காதல் பாட்டு என்ற அர்த்தத்தில் இல்லை. 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக்கு ரொமான்டிக் காலம் என்று பெயர். ஷோபான், ஷூமன், லிஸ்ட், பிராம்ஸ் எல்லாம் இந்தக் காலத்தவர்கள். இலக்கணத்தைவிட மனசு முன்னால் நிற்கும் இசை. ஏக்கம், கோபம், கனவு, பயம் எல்லாமே அதில் உண்டு.

ரசிகர் வெறியும் இந்தக் காலத்தில்தான் உச்சத்துக்குப் போனது. 1840-களில் லிஸ்ட் வாசிக்க வந்தால் பெர்லின் நகரமே அல்லோலகல்லோலப்பட்டது. அவருடைய கையுறை, கைக்குட்டையைப் பிடுங்க அடிதடி. நம்ம ஊர் முதல் நாள் முதல் ஷோவை நினைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கூத்துக்கு 'லிஸ்டோமேனியா' என்று 1844-ல் பெயர் வைத்தவர், ஜெர்மன் கவிஞர் ஹைன்.

அப்போ மெதுவான இசைக்கு யார் கைதட்டுவார்கள்?

இதற்குப் பதில் 1986 ஏப்ரல் 20-ல் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் இருக்கிறது.

விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1903-ல் பிறந்தவர். 1925-ல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறினார். பிறகு அமெரிக்காவில் குடியேறி, உலகின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவரானார். 61 வருஷம் சொந்த மண்ணை மிதிக்கவில்லை. பனிப்போர் முடியாத அந்த நேரத்தில், 82 வயதில், தன் சொந்தப் பியானோவையும் நியூயார்க்கில் இருந்து வரவழைத்து மாஸ்கோவில் வாசித்தார்.

கச்சேரி முடிந்த பிறகும் கைதட்டல் அடங்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து ஷூமனின் 'ட்ராய்மெராய்' வாசித்தார். கனவில் மூழ்குவது என்று அர்த்தம். 1838-ல் ஷூமன் எழுதிய 'குழந்தைப் பருவக் காட்சிகள்' என்ற 13 சின்னச் சின்ன இசைத் துண்டுகளில் இது ஏழாவது. 3 நிமிடம்கூட முழுசா வராது. பியானோ கத்துக்கிற பிள்ளைகளும் வாசிக்கிற இசைதான்.

இந்தக் கச்சேரியின் வீடியோ இப்போதும் கிடைக்கிறது. ட்ராய்மெராய் ஓடும்போது கேமரா ரசிகர்கள் பக்கம் திரும்புகிறது. ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

எளிதான இசையில் அப்படி என்ன கஷ்டம்?

பியானோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் கம்பியைத் தட்டும். தட்டிய நொடியில் இருந்தே சத்தம் தேய ஆரம்பித்துவிடும். நாதஸ்வரத்தில் மூச்சைக் கூட்டலாம், வயலினில் வில்லை அழுத்தலாம். பியானோவில் தட்டினது தட்டினதுதான், அந்த ஸ்வரத்தை அதற்கு மேல் வளர்க்க முடியாது.

வேகமாக வாசிக்கும்போது அடுத்த நோட் உடனே வந்துவிடுவதால் இந்தக் குறை தெரியாது. மெதுவாக வாசிக்கும்போது, தேய்ந்துகொண்டே போகும் சத்தத்தோடு அடுத்த சத்தம் சரியான அளவில் வந்து சேர வேண்டும். கொஞ்சம் பலமாகத் தட்டினாலும் மெட்டு அறுந்துவிடும். அறுந்த இடம் கேட்கிற எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று 'ருபாட்டோ'. இத்தாலிய மொழியில் திருடிய நேரம் என்று அர்த்தம். ஒரு இடத்தில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, இன்னொரு இடத்தில் கொஞ்சம் முந்துவது. நம்ம பாடகர்கள் ஒரு சொல்லை இழுத்துவிட்டுத் தாளத்தை வந்து பிடிப்பார்களே, கிட்டத்தட்ட அதுமாதிரி. எவ்வளவு இழுக்கலாம் என்று காகிதத்தில் எழுதியிருக்காது. கலைஞரே முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் ஒரே இசையை இரண்டு பேர் வாசித்தால் இரண்டு மாதிரி கேட்கிறது.

அப்போ வேகம் ஒண்ணும் பெரிசில்லையா?

அப்படிச் சொல்லவே முடியாது. அதே ஹோரோவிட்ஸ், ட்ராய்மெராய் முடிந்ததும் அடுத்து வாசித்தது மொஷ்கோவ்ஸ்கியின் 'தீப்பொறிகள்'. பெயருக்கு ஏற்ற மாதிரி விரல்கள் பறக்கிற இசை. லிடியனின் 325 பீட்ஸும் பல வருஷ உழைப்பில் வந்தது. அந்த வீடியோதான் எங்கள் வீடு மாதிரியான வீடுகளுக்குள் பியானோவைக் கொண்டுவந்தது. இல்லையென்றால் நான் ஹோரோவிட்ஸைத் தேடியே போயிருக்க மாட்டேன்.

வேகத்தைக் கேட்கும்போது 'எப்படிப்பா இப்படி?' என்று வாசிப்பவரைப் பார்க்கிறோம். ட்ராய்மெராயில் கொஞ்ச நேரத்தில் வாசிப்பவரே மறந்து போகிறார். நம்ம ஞாபகங்கள்தான் மேலே வருகின்றன. இரண்டுமே ரசனைதான். ஆனால் வைரலாவது பெரும்பாலும் முதல் ரகம் மட்டும்.

எப்படிக் கேட்கலாம்?

இசை இலக்கணம் எதுவும் தெரிய வேண்டாம். இயர்போன் போட்டு, ட்ராய்மெராயை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை மெட்டை மட்டும். இரண்டாவது தடவை, மெட்டு மேலே ஏறும் இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பிறகு வேறு ஒருவர் வாசித்ததைக் கேளுங்கள். வித்தியாசம் தானாகப் பிடிபடும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதலில் அவர் கேட்டது, "அந்தத் தாத்தா கால்ல என்னத்த மிதிக்கறாரு?" தையல் மிஷின்காரரின் கண் அங்கேதான் போகும். அது பெடல், அழுத்தினால் கம்பியின் அதிர்வை அடக்காமல் விட்டுவிடும், சத்தம் நீளும் என்றேன்.

முடியும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சைடு அடிக்கறப்ப யாரு வேணா வேகமாப் போலாம் கண்ணு. கழுத்து வளைவுலதான் தெரியும், யாரு டெய்லருன்னு. அங்க மெதுவா மிதிக்கத் தெரியோணும்."

அப்புறம், "இன்னொருக்கா போடு" என்றார்.