ஆரோக்கியப்பச்சை யாருக்குச் சொந்தம்?

மெக்கானிக்கல் படிக்கிற பயலுக்குக் காட்டுச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. எனக்கும் முன்பெல்லாம் 'பல்லுயிர்ப் பாதுகாப்பு' என்றால் புலிப்படம் போட்ட காலண்டர், ஒரு மரக்கன்று, ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். காணி மக்களின் கதையைப் படித்த பிறகுதான், காட்டைப் பற்றி யார் முடிவெடுப்பது, அதில் வரும் காசு யாருக்குப் போவது என்பதும் இதில் அடக்கம் என்று புரிந்தது.

பொதிகை மலையின் இந்தப் பக்கம் காரையாறு, பேச்சிப்பாறைப் பகுதிகளிலும், அந்தப் பக்கம் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் காணிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு கேரளப் பக்கக் காட்டுக்குள் போனது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு பழத்தை மென்றுகொண்டு அலுப்பே இல்லாமல் ஏறினார்களாம். படித்தவர்களுக்கோ மூச்சு வாங்கியது! அதைத் தின்றதும் அவர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டால் பதில் இல்லை. அது குலத்தின் ரகசியம். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் இருக்கும் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் இதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்ய பார்மஸிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் தயாரிப்பு உரிமை தரப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனமே முடிவு செய்தது. அப்படிக் கொடுக்கச் சொல்லி அன்றைக்கு நம் நாட்டில் சட்டம் கிடையாது. 1992 ரியோ மாநாட்டு உடன்படிக்கைதான் 'பயனில் பங்கு' என்ற பேச்சையே உலக அளவில் கொண்டுவந்திருந்தது. அதனால் இதை நாலு பேர் பாராட்டியதில் தப்பில்லை.

ஆனால் பணத்தை யார் கையில் கொடுப்பது? 1997-ல் காணிகளுக்கென்று ஒரு டிரஸ்ட் பதிவாகி, 1999-ல்தான் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான தொகை போய்ச் சேர்ந்தது. ரகசியம் சொன்ன நாளிலிருந்து கணக்குப் போட்டால் பன்னிரண்டு வருஷம்! எல்லாக் காணிகளும் இதற்குச் சம்மதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பிலாத்தி எனப்படும் அவர்களுடைய வைத்தியர்கள் சிலர், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று 1995-லேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள்.

எனக்கு மனசு ஆறாத இடம் அடுத்ததுதான். இயற்கையான காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் இலையில் மருத்துவ குணம் இருக்கும் என்றார்கள். அப்படியென்றால் வளர்க்கச் சரியான ஆள் காணிகள்தானே? சில குடும்பங்கள் பயிரிட்டன, முதல் அறுவடை விலைக்கும் போனது. பிறகு வனத்துறை தடுத்துவிட்டது. சாகுபடி என்ற பெயரில் காட்டில் இருப்பதைப் பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இத்தனை காலம் அந்தச் செடியை அழியாமல் வைத்திருந்தவன் மேலேயே முதல் சந்தேகமா?

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. 2002-ல் பல்லுயிர் பெருக்கச் சட்டம், 2003-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய ஆணையம், பழங்குடிகளின் பாரம்பரிய அறிவையே உரிமையாக ஏற்ற 2006 வன உரிமைச் சட்டம். 2023 திருத்தத்திலோ, ஏட்டில் ஏறிய பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் பயனில் பங்கு தர வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்க ஆத்தா கைநாட்டு. மாட்டுக்கு வயிறு உப்பினால் ஓடைக்கரையில் எந்தத் தழையைப் பறிக்கணும் என்று அதுக்குத் தெரியும். அதே தழை ஏதாவது பழைய ஏட்டிலும் இருந்துவிட்டால் ஆத்தாளுக்கு ஒரு பங்கும் இல்லை.

ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது சட்டம். ஆத்தாகிட்ட சொன்னேன். "எழுதிட்டா அப்புறம் ஊரே பிடுங்கிட்டுப் போயிரும்டா" என்றது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செமஸ்டர் லீவில் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன். உங்கள் ஊரில் கேட்டுப் பார்க்கிறவர்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வந்து சொல்லுங்கள். மதியம் கேண்டீன் பக்கம்தான் இருப்பேன்.