புதுக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா?

மளிகைக் கடையானாலும் மொத்த வியாபார மண்டியானாலும் இன்று கணக்கு இருப்பது பேரேட்டில் அல்ல. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில்தான். கொள்முதல், விற்பனை, பாக்கிப் பட்டியல், சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. விவரம் அனைத்தும் அதற்குள் அடக்கம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, அந்தந்த ஆண்டின் ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ஆகவே டிஸ்க் போனால் போவது ஒரு உதிரிப் பாகம் மட்டும் அல்ல.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எனவே சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகங்களை வாங்கிப் புதிதாகப் பூட்டி, பழைய டிஸ்க்கையும் அதில் மாட்டிக்கொள்ளும் வணிகர்கள் உண்டு. அப்போது "டிஸ்க்கே தெரியவில்லை" என்ற நிலை வந்தால் பதற வேண்டாம். பல சமயம் டிஸ்க் நன்றாகவே இருக்கும். இணைப்பிலோ அமைப்பிலோதான் தவறு இருக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

டிஸ்க் எங்கே தெரியவில்லை? பயாஸிலா, விண்டோஸிலா? கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பல மதர்போர்டுகளில் பயாஸ் திரை வரும். அதில் டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும். பயாஸில் பெயர் இருந்து விண்டோஸில் மட்டும் வரவில்லையென்றால் அமைப்பைப் பார்க்க வேண்டும். இதைப் பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

பயாஸில் தெரியாவிட்டால்

1. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு வயர்கள் உண்டு. மெல்லியது மதர்போர்டுக்குப் போகும். அகலமானது பவர் சப்ளையிலிருந்து வரும். ஒன்றை மாட்டி மற்றதை மறப்பது சகஜம். இரண்டையும் கழற்றி அழுத்தி மாட்டவும். பிறகும் தெரியாவிட்டால் மெல்லிய வயரை மாற்றியும், மதர்போர்டில் வேறு துளையில் செருகியும் பார்க்கவும்.

2. சுழலும் டிஸ்க்காக இருந்தால் மின்சாரம் வந்ததும் லேசாக அதிரும். அதிர்வே இல்லையென்றால் மின்சாரம் போகவில்லை அல்லது டிஸ்க் பழுது. எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் இல்லாததால் இந்தச் சோதனை பொருந்தாது.

3. கழற்றி மாட்டும் வயர்கள் கொண்ட பவர் சப்ளையாக இருந்தால், அதனுடன் வந்த வயரையே பயன்படுத்த வேண்டும். வேறு கம்பெனியின் வயர் வடிவத்தில் பொருந்தினாலும் உள்ளே மின்சாரம் வரும் வரிசை வேறாக இருக்கலாம். அப்படி மாட்டினால் டிஸ்க் எரிந்துபோகும்.

4. மதர்போர்டின் மேலேயே செருகும் எம்.2 எஸ்.எஸ்.டி.யில் இரண்டு வகை உண்டு: சாட்டா, என்.வி.எம்.இ. தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சில துளைகள் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். மேலும் சில மதர்போர்டுகளில் எம்.2 துளையைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் செயலிழந்துவிடும். புது எஸ்.எஸ்.டி. வேலை செய்து, பழைய டிஸ்க் மட்டும் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மதர்போர்டுடன் வரும் கையேட்டில் இந்த விவரம் இருக்கும்.

5. பட்டை வயர் கொண்ட மிகப் பழைய ஐ.டி.இ. டிஸ்க்குக்கு இன்றைய மதர்போர்டுகளில் இடமே இல்லை. அதை யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் மாட்டித்தான் கணக்கை எடுக்க வேண்டும்.

பயாஸில் தெரிந்து, விண்டோஸில் தெரியாவிட்டால்

விண்டோஸ் ஏற்றும்போதே டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தால், இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிந்திய பல கம்ப்யூட்டர்களில் வி.எம்.டி. என்னும் பயாஸ் அமைப்பு காரணமாக இருக்கும். அதற்குரிய டிரைவரை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

விண்டோஸ் ஓடுகிறது, கூடுதல் டிஸ்க் மட்டும் வரவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறக்கவும். புத்தம் புது டிஸ்க் அங்கே இனிஷியலைஸ் செய்யும்படி கேட்கும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதானால் ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எம்.பி.ஆர். முறையில் மீதி இடம் பயன்படாது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. கணக்கு உள்ள பழைய டிஸ்க்கை மாட்டும்போதும் இதே போல "இனிஷியலைஸ்", "பார்மட்" என்று திரை கேட்கக்கூடும். ஒருபோதும் சம்மதம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் நம் கணக்கை நாமே அழிக்கத் தொடங்கியதாகும். டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாததுதான் குறை என்றால், எழுத்தை மட்டும் கொடுத்தால் கோப்புகள் அப்படியே வந்துவிடும்.

பழைய டிஸ்க்கிலிருந்து "டக் டக்" என்று விட்டு விட்டு ஓசை வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது சேதத்தைக் கூட்டும். நகல் இல்லாத கணக்கு அதில் இருந்தால் தரவு மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை.

ஒரு சந்தேகம்

1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜி.பி. என்றே காட்டும். கடைக்காரர் எடை குறைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024 ஆகக் கணக்கிடுகிறது. சரக்கு ஒன்றுதான், படிதான் வேறு.

வணிகர்கள் செய்ய வேண்டியது

பழைய பெட்டியின் திருகைக் கழற்றுவதற்கு முன்பே கணக்கை இரண்டு தனித்தனி இடங்களில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு வருபவரிடம் "இந்த டிஸ்க்கில் கணக்கு உள்ளது, பார்மட் செய்யக்கூடாது" என்று டிஸ்க்கின் மீதே சீட்டு ஒட்டிக் கொடுக்கலாம். புதுக் கம்ப்யூட்டரில் பில் போட்டு, முந்தைய மாதங்களின் கணக்கும் சரியாக வருகிறது என்று கணக்கர் சொன்ன பிறகே பழையதை விற்கவோ மாற்றவோ வேண்டும்.