மருவை அறுக்கலாமா?

குழந்தையின் விரலில் மருவொன்று தோன்றிவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவார்கள். ஒருவர் குதிரை மயிரால் கட்டச் சொல்லுவார். மற்றொருவர் சுண்ணாம்பு தடவச் சொல்லுவார். பாட்டியோ கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்ளுவாள். இவற்றுள் தீங்கற்றது பாட்டியின் வழி ஒன்றே! சிறுவர்களின் மருக்களிற் பெரும்பாலானவை 2 ஆண்டுகளுக்குள் தாமே மறைந்துவிடுகின்றன அல்லவா?

மருவை உண்டாக்குவது ‘பாப்பிலோமா’ என்னும் வைரஸ். மருவின் சாற்றை நுண்வடிகட்டியில் வடித்த பின்னும் அது தொற்றுவதை 1907-ல் இத்தாலிய வைத்தியர் சியூஃபோ மெய்ப்பித்தார். தோலின் கீறல் வழியே அது உட்புகுவதால், மருவை அறுப்பதும் கிள்ளுவதும் அதைப் பரப்பவே செய்யும்.

ஸாலிஸிலிக் அமில மருந்தை நாள்தோறும் 12 வாரம் வரை பொறுமையுடன் தடவி வரலாம், முகத்தில் ஆகாது. நீரிழிவுள்ளோர் கால் மருவுக்குத் தாமே மருந்திடாது வைத்தியரை நாடுவதே நன்று.