வீட்டு வெள்ளரியும் பழ ஈயும்

அந்தமான் தீவுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்தில் தொடங்கும் மழை, இரு பருவக்காற்றுகளின் காரணமாகப் பெரும்பாலும் டிசம்பர் வரையில் நீடிக்கிறது. போர்ட் பிளேர் நகரில் (2024-இல் இது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது) டெய்ரி ஃபார்ம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் வெள்ளரி பயிரிட விரும்புவோர் முதலில் கணக்கிலெடுக்க வேண்டியது இம்மழையையே. தண்ணீர் தேங்காதபடி மண்ணை மேடாகக் கூட்டி விதை ஊன்றுவதும், கொடியைத் தரையில் படரவிடாது பந்தலில் ஏற்றுவதும் இங்கு இன்றியமையாதன. மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் நோய்த் தொல்லை குறைவு. ஆனால் நீர் ஊற்றியாக வேண்டும்.

முதலில் மலரும் பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு நோய் என அஞ்சி மருந்து தெளிப்போர் உண்டு. அது வீண் செலவு மட்டுமன்று; தேனீக்களும் மடிகின்றன. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். தேனீ வாயிலாக மகரந்தம் எட்டாவிடில் அப்பிஞ்சு வெம்பிவிடும்.

மழைக்காலத்தில் இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே கோணலான மஞ்சள் திட்டுக்களும், அவற்றின் அடிப்புறம் சாம்பல் கலந்த ஊதா நிறப் பூசணமும் தோன்றினால் அது அடிச்சாம்பல் நோயாகும். இலை நெடுநேரம் ஈரமாயிருப்பதே இதற்கு இடமளிக்கிறது. ஆதலால் கொடிகளுக்கிடையே காற்றோட்டம் விட வேண்டும்; நீரை இலைமீது தெளிக்காமல் வேரடியில் ஊற்ற வேண்டும்; நோயுற்ற அடியிலைகளைக் கிள்ளி அகற்ற வேண்டும். அசுவினி பரப்பும் தேமல் நோய்க்கோ மருந்து கிடையாது; தாக்குண்ட கொடியைப் பிடுங்கிவிடுவதே நன்று.

இவை யாவற்றினும் பெருஞ் சேதம் விளைப்பது பழ ஈ. பெண் ஈ இளம் பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. துளைத்த இடத்தில் பிசின் போன்ற துளி கசியும், காய் கோணும், பின்னர் அழுகும். ஓரிரு நாட்களில் வெளிவரும் புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுக்களாகின்றன. முட்டை ஈயாவதற்கு வெப்பநாட்டில் இரண்டு மூன்று வாரங்களே போதும். காயினுள்ளிருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. ஆயினும் அழுகிய காயை வேலியோரத்தில் எறிந்துவிட்டு மருந்துக் கடைக்குச் செல்வதே வழக்கமாயிருக்கிறது! எறியப்பட்ட அக்காயே அடுத்த தலைமுறை ஈக்களுக்கு நாற்றங்கால்.

எனவே சொத்தைக் காய்களை நாள்தோறும் பொறுக்கி, ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும். அல்லது பாலிதீன் பையில் இறுகக் கட்டிப் பல நாட்கள் வெயிலில் வைக்க வேண்டும். பூ வாடிப் பிஞ்சு பிடித்தவுடன் காகித உறை கட்டுவது நல்ல காப்பு. மகரந்தச் சேர்க்கைக்கு முன் கட்டினால் காய் பிடிக்காது. க்யூலூர் என்னும் கவர்ச்சிப் பொருள் வைத்த பொறியில் ஆண் ஈக்களே விழும்; முட்டையிடும் பெண் ஈக்கள் தப்பும். ஆதலால் பொறி ஒன்றையே நம்பியிருத்தல் தகாது.

ஒரு வீட்டார் மட்டும் இவற்றைச் செய்தால் பலன் குறைவு. அடுத்த கொல்லையின் பாகலிலும் பூசணியிலும் வளரும் ஈ பறந்து வரும். ஜப்பானின் ஓகினாவாத் தீவுகளில் கதிரியக்கத்தால் மலடாக்கிய ஈக்களை, மொத்தம் 5,000 கோடிக்கு மேல், ஆண்டுக்கணக்கில் பறக்கவிட்டு, கூமே தீவில் 1978-லும் ஓகினாவா முழுவதிலும் 1993-லும் இவ்வினத்தை ஒழித்தனர். அத்தகைய பெருமுயற்சி தெருவார்க்கு இயலாது. ஆனால் ஒரு தெருவிலுள்ள எல்லாக் கொல்லைகளிலும் ஒரே நாளில் சொத்தைக் காய் பொறுக்குமாறு கள ஊழியர் ஏற்பாடு செய்யலாம். நோயை அடையாளங் காண்பதில் ஐயம் எழுமாயின், கராச்சர்மாவிலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

ஆசிரியர்கள் சொத்தைக் காய் ஒன்றை ஈர மணல் பரப்பிய கண்ணாடிச் சாடியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைக்கலாம். மூன்று வாரத்திற்குள் ஈக்கள் வெளிப்படுவதை மாணவர் நேரில் காண்பர். சாடியைத் திறப்பதற்கு முன் ஈக்கள் யாவும் மடிந்துவிட்டனவா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.