ஆஸ்கர் வாங்கியதே குற்றமாகிப்போன படம்

‘ஆர்டினரி பீப்பிள்’ என்றதும் உலக சினிமா பார்ப்பவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது, ‘ரேஜிங் புல்’லுக்குப் போயிருக்க வேண்டிய ஆஸ்கரை வாங்கிக்கொண்ட படம் என்ற புகார்தான். 1980இல் படம் வெளிவந்தபோது பேச்சு வேறு மாதிரி இருந்தது. நடிகராகவே பெரிதும் அறியப்பட்ட ராபர்ட் ரெட்ஃபோர்டு முதன்முதலாக இயக்கிய படம். ஜூடித் கெஸ்ட் 1976இல் எழுதிய நாவல் அதற்கு மூலம். ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, துணை நடிகர் என நான்கு ஆஸ்கர்கள் கிடைத்தன. மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘ரேஜிங் புல்’லுக்கு இரண்டுதான். பின்னாளில் குத்துச்சண்டை வீரனின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் மதிப்பு ஏற ஏற, ரெட்ஃபோர்டின் படம் டிவி நாடகம் போன்றது என்று ஒதுக்கப்பட்டது. ‘ரேஜிங் புல்’ பெரிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேமரா பாய்ந்து சுழல்வதைக் கலை என்று கொண்டாடிய கண்கள், கேமரா அடங்கி நிற்பதைக் கலையின்மை என்று எடுத்துக்கொண்டன. இந்தப் படத்துக்கு நேர்ந்த அநியாயம் அதுதான்.

சிகாகோவுக்கு அருகே லேக் ஃபாரஸ்டில் ஒரு வசதியான குடும்பம். படகு கவிழ்ந்து மூத்த மகன் இறந்துவிட்டான். உடன் சென்று உயிர்பிழைத்த இளையவன் கான்ராட், தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறான். ஒரு காலை, பசியில்லை என்கிறான். அம்மா பெத் உடனே தட்டை எடுத்து, அவனுக்கென்று செய்த பிரெஞ்ச் டோஸ்ட்டை, சிங்க்கில் கழிவை அரைக்கும் இயந்திரத்துக்குள் தள்ளிவிடுகிறாள். சாப்பிடு என்று ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, திட்டவும் இல்லை. அப்பா கால்வின் இருவருக்கும் நடுவில் தவிக்கிறார். சாவைப் பற்றிப் பேச்சே எழாத இந்த ஒரு நிமிடத்தில், துக்கம் அந்த வீட்டை என்ன செய்துவிட்டது என்பது தெரிந்துவிடுகிறது. ஷாட்டை எங்கே வெட்டுவது, யார் முகத்தில் நிறுத்துவது என்று இயக்குநர் எடுத்த முடிவுகளால் வந்த வலி இது. இதைத் தொழில்நுட்பம் என்று எண்ணாமல் விட்டது பார்த்தவர்களின் குறை.

எதிர்வாதங்களில் ஒன்றை ஏற்கத்தான் வேண்டும். மனநல மருத்துவர் பெர்கரின் அறையில் கான்ராடின் குற்றவுணர்ச்சி கொஞ்சம் சுலபமாகவே அவிழ்ந்துவிடுகிறது. ஓர் இரவில் ஆறுகிற காயமா அது? ஆனால் எல்லாப் பழியையும் தாய் தலையில் போடுகிறது படம் என்ற குற்றச்சாட்டு நிற்காது. உன்னை இன்னும் நேசிக்கிறேனா என்றே தெரியவில்லை என்று கணவன் சொன்னபின் பெத் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுக்கிறாள். அப்போது மூச்சு திணறி, உடம்பு ஒருமுறை குலுங்குகிறது. மறுகணமே தன்னை அடக்கிக்கொள்கிறாள். இரக்கமில்லாதவளுக்கு அடக்கிக்கொள்ள என்ன இருக்கிறது? நகைச்சுவைத் தொடர்களால் அமெரிக்க வீடுகளுக்குச் செல்லப்பிள்ளையான மேரி டைலர் மூரை இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்ததே, அவளை வில்லியாக்கும் எண்ணம் ரெட்ஃபோர்டுக்கு இல்லை என்று காட்டுகிறது. பணக்காரர்களின் துயரம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வசதி அங்கே துயரத்தை மூடிவைக்கும் திரை. விருந்தும் கோல்ஃபும் தடையின்றி நடக்கிற வீட்டில்தான் இந்த மௌனம் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும்.

அடங்கிய கலை எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பதற்கு, படத்தைக் கொண்டாடியவர்களே சாட்சி. மூருக்குப் பரிந்துரை, கான்ராடாக நடித்த டிமதி ஹட்டனுக்கு, 20 வயதில், விருதே கிடைத்தது, மருத்துவராக நடித்த ஜட் ஹிர்ஷுக்கும் பரிந்துரை. கால்வினாக நடித்த டொனால்ட் சதர்லண்டுக்கு மட்டும் எதுவும் இல்லை. படத்தின் பாரம் முழுவதையும் தோளில் வாங்கியவர் அவர். மனைவியைப் புரிந்துகொள்ள ஓயாமல் முயன்று, கடைசியில் முடியாமல் போகிற ஒரு மனிதனை, பெரும்பாலும் பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தாலேயே காட்டினார். போட்டிப் பிரிவில் ஒருமுறைகூட அவர் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. கௌரவ ஆஸ்கர் வந்தது 2017இல்.